சுண்டெலி சொன்ன சேதியும் ஒரு குப்பி ரத்தமும்

ஓர் ஆணின் உடம்பில் எஃப்.எஸ்.எச். என்கிற ஹார்மோன் எந்த அளவில் இருக்கிறது என்று 1942-இல் ஒரு மருத்துவர் தெரிந்துகொள்ள விரும்பினால், அந்த ஆண் ஒரு பகல், ஓர் இரவு கழிக்கும் சிறுநீர் முழுவதையும் ஜாடியில் சேர்த்துக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதிலிருந்து ஹார்மோன் அடங்கிய வண்டலைப் பிரித்தெடுப்பார்கள். வண்டலைக் கரைத்து, இன்னும் பருவமடையாத பெண் சுண்டெலிகளுக்கு ஊசியாகப் போடுவார்கள். சில நாள் கழித்து எலிகளைக் கொன்று, கருப்பையை அறுத்தெடுத்து, நுண்தராசில் நிறுப்பார்கள். கருப்பை கனத்திருந்தால் அந்த ஆணின் சிறுநீரில் ஹார்மோன் இருக்கிறது. கனக்கவில்லை என்றால் இல்லை, அல்லது போதவில்லை. கரைசலை எவ்வளவு நீர்க்கச் செய்தும் எலியின் கருப்பை கனத்தது என்பதைப் பார்த்து, இத்தனை ‘சுண்டெலி அலகு’ என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள்.

இன்று நம் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலையில் கையை நீட்டினால் போதும். ஒரு சிறு குப்பி ரத்தம். பெரும்பாலும் அன்று மாலைக்குள் செல்போனுக்கு ரிப்போர்ட் வந்துவிடுகிறது. எஃப்.எஸ்.எச்., எல்.எச்., டெஸ்டோஸ்டிரோன், புரோலாக்டின் என்று வரிசையாக எண்கள், பக்கத்திலேயே ‘நார்மல்’ எது என்ற குறிப்பு.

எண்பது ஆண்டுகளில் கருவி வேகமானது என்பது இந்தக் கதையில் பாதிதான். பிள்ளை இல்லாத வீட்டில் ஆணின் உடம்பிடமும் கேள்வி கேட்கலாம், கிடைக்கிற பதிலுக்கு ஏற்ப மருத்துவம் செய்யலாம் என்ற நிலை வந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்த வசதி கைக்கு எட்டிய பிறகும் நாம் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் விடுகிறோம், கேட்க வேண்டாத இடத்தில் கேட்கிறோம். இந்தக் கட்டுரையை எழுத வைத்த ஆதங்கம் அதுதான்.

சேவல் கொண்டையிலிருந்து

ஆண்மைக்கு உடம்புக்குள் ஒரு சுரப்பு காரணம் என்பது வெகுநாளைக்கு முன்பே தெரிந்த விஷயம். 1849-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்டு பெர்த்தோல்டு சேவல் குஞ்சுகளின் விரைகளை அகற்றிப் பார்த்தார். கொண்டை வளரவில்லை, கூவல் இல்லை, சண்டைக் குணமும் இல்லை. அகற்றிய விரையை வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் வைத்தபோது, பழைய நரம்புத் தொடர்பு எதுவும் இல்லாமலே எல்லாம் திரும்பின. ரத்தத்தின் வழியாக ஏதோ ஒன்று போய் வேலை செய்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார்.

அந்த ‘ஏதோ ஒன்றை’க் கையில் பிடிக்க 86 ஆண்டுகள் ஆயின. 1931-இல் அடால்ஃப் புட்டநாண்ட், காவலர்களிடமிருந்து திரட்டிய சுமார் 15,000 லிட்டர் சிறுநீரைக் காய்ச்சி வடித்து, 15 மில்லிகிராம் ஆண்ட்ரோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைப் பிரித்தெடுத்தார். 1935-இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்வர் குழுவினர் ஏறக்குறைய 100 கிலோ காளை விரைகளிலிருந்து 10 மில்லிகிராம் எடுத்து, அதற்கு டெஸ்டோஸ்டிரோன் என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகவும் உருவாக்கிவிட்டார்கள்.

ஆக, பொருள் இன்னதென்று தெரிந்துவிட்டது. ஆனால் மருத்துவமனைக்கு வந்து எதிரே உட்கார்ந்திருக்கும் ஓர் ஆணின் ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல வழியில்லை. ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் அது ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்குதான். பீப்பாய் பீப்பாயாகச் சிறுநீரைக் காய்ச்சியவர்களிடம் அவ்வளவு சிறிய அளவை அளக்கும் கருவி இல்லை. எலியும் சேவலும்தான் அன்றைய தராசு.

பாஸ்டனில் ஒன்பது ஆண்கள்

அந்த எலித் தராசை வைத்துக்கொண்டே ஒரு பெரிய கண்டுபிடிப்பும் நடந்தது. 1941-இல் ஹாரி கிளைன்ஃபெல்டர் என்ற இளம் மருத்துவர், பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஃபுல்லர் ஆல்பிரைட்டிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். அங்கே வந்த ஓர் உயரமான இளைஞருக்கு மார்பு பெருத்திருந்தது, விரைகள் மிகச் சிறியதாக இருந்தன. இது என்ன நோய் என்று தேடும்படி ஆல்பிரைட் அவரிடம் சொன்னார். தேடத் தேட, அதே போன்ற ஒன்பது ஆண்கள் சேர்ந்தார்கள். யாருடைய விந்திலும் அணு இல்லை. சிறுநீரைச் சுண்டெலிக்குச் செலுத்திப் பார்த்தபோது எஃப்.எஸ்.எச். மிக அதிகம் என்று தெரிந்தது.

1942-இல் அந்தக் கட்டுரை வெளியானது. மூத்தவரான ஆல்பிரைட், இளையவரின் பெயரையே முதலில் போட வைத்தார். அதனால்தான் இன்றும் அந்த நிலைக்குக் கிளைன்ஃபெல்டர் என்று பெயர். அதற்குக் காரணம் கூடுதலாக ஓர் எக்ஸ் குரோமோசோம் என்பது 1959-இல்தான் தெரிந்தது. ஏறக்குறைய 600 ஆண்களில் ஒருவருக்கு இது இருக்கிறது. விந்தணுவே இல்லாத ஆண்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்வரை இவர்கள்தான்.

ஒன்பது பேருக்கும் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி ஓயாமல் எஃப்.எஸ்.எச்.சைச் சுரந்துகொண்டிருக்கிறது, விரையிலோ அணு உற்பத்தி இல்லை. ஏன் இப்படி? விரையிலிருந்து ‘போதும்’ என்று சொல்லும் இன்னொரு ஹார்மோன் வர வேண்டும், அது வராததால்தான் பிட்யூட்டரி ஓயவில்லை என்று அவர்கள் ஊகித்தார்கள். அந்த ஹார்மோனுக்கு இன்ஹிபின் என்று பெயர். அதைத் தனியாகப் பிரித்தெடுத்தது 1985-இல். அதன் ஒரு வகையான இன்ஹிபின் பி-யை ரத்தத்தில் அளக்கும் முறை வந்தது 1996-இல். எலியை வைத்துக்கொண்டு அவர்கள் யோசித்தது சரியென்று உறுதிப்பட அரை நூற்றாண்டு ஆயிற்று.

ஆனாலும் அந்தப் பரிசோதனைக்குக் குறைகள் இருந்தன. எஃப்.எஸ்.எச். வேறு, அதே பிட்யூட்டரி சுரக்கும் எல்.எச். வேறு என்று எலியின் கருப்பை பிரித்துச் சொல்லாது. மிக அதிகமாக இருந்தால் காட்டும், குறைந்திருப்பதைத் திட்டமாகச் சொல்லத் திணறும். அதையும் பெரிய ஊர்களின் பெரிய ஆராய்ச்சி மருத்துவமனைகளில்தான் செய்ய முடியும்.

நம் வீடுகளில் அன்று

நம் ஊரில் அப்போது ஆணைப் பரிசோதிக்கும் பேச்சே எழாது. கல்யாணம் ஆகி ஆறு மாதம் கடந்தால் “ஏதாவது விசேஷம் உண்டா?” என்று கேட்பார்கள். கேட்பது பெண்ணிடம்தான். வருடம் திரும்பினால் அவளை மருத்துவரிடம் அழைத்துப் போவார்கள். “கர்ப்பப்பையைச் சுத்தம் பண்ணிட்டா சரியாயிடும்” என்று டி அண்ட் சி செய்வார்கள். ஒன்றும் ஆகவில்லையென்றால் இன்னொரு மருத்துவர், இன்னொரு டி அண்ட் சி. நடுவில் அரச மரம் சுற்றுவதும், கோயில் மரத்தில் தொட்டில் கட்டுவதும், ஆடி மாதத்தில் மண் சோறு சாப்பிடுவதும் அவளுக்கே. அவள் நம்பிக்கையோடு செய்தவற்றை நான் குறை சொல்ல மாட்டேன். அத்தனையும் அவள் ஒருத்தியின் தலையில் விழுந்ததைத்தான் சொல்கிறேன்.

கணவனைப் பற்றி யாராவது கேட்டால், “அவனுக்கென்ன? மீசையும் ஆளுமா நல்லாத்தானே இருக்கான்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவனுக்கு இரண்டாம் கல்யாணம், சில வீடுகளில் அவளுடைய தங்கையையே கட்டிவைப்பது என்று அடுத்த பேச்சு தொடங்கிவிடும். இரண்டாம் மனைவிக்கும் பிள்ளை பிறக்காத வீடுகள் எந்த ஊரிலும் உண்டு. அப்போதும் ஆணைப் பரிசோதிக்கத் தோன்றாது.

மீசையும் குரலும் டெஸ்டோஸ்டிரோனின் வேலை. விந்தணு உற்பத்தி என்பது, அந்த டெஸ்டோஸ்டிரோன் விரைக்குள்ளேயே செறிவாக இருக்க, எஃப்.எஸ்.எச்.சும் கூடவே உந்த, தனியாக நடக்கும் வேலை. மீசை முறுக்குகிற ஆணுக்கு அணு ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது. பரிசோதனை ஒன்றுதான் காட்டும். ஒரு தம்பதிக்குக் குழந்தை தங்காதபோது, ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது என்று இன்று நமக்குத் தெரியும். அந்தப் பாதியைப் பார்க்காமலேயே தலைமுறை தலைமுறையாகப் பெண்களுக்கு வைத்தியம் நடந்தது.

கண்ணைக் கட்டிக்கொண்டு செய்த வைத்தியம்

மேலைநாடுகளில் ஆணைப் பரிசோதித்தார்கள்தான். விந்தணுக்களை நுண்ணோக்கியில் எண்ணினார்கள். 1951-இல் நியூயார்க்கின் ஜான் மெக்லவுட் 1000 கர்ப்பிணிகளின் கணவர்களை, குழந்தையில்லாத ஆண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மில்லி லிட்டருக்கு 2 கோடி என்ற எல்லைக்கோடு அந்த ஆய்வையொட்டித்தான் உலகமெங்கும் பரவியது. எண்ணிக்கை குறைவு என்று சொல்ல முடிந்தது. ஏன் குறைவு என்று கேட்டால் பதில் இல்லை. விரையில் கோளாறா, மூளையிலிருந்து வரும் உத்தரவில் கோளாறா, விந்தணு வரும் குழாயில் அடைப்பா என்று பிரித்தறிய, விரையிலிருந்து ஒரு துணுக்கை வெட்டியெடுத்துப் பார்க்கும் பயாப்சிதான் பெரும்பாலும் வழி.

இடம் தெரியாதபோது மருந்தும் இலக்கில்லாமல் போயிற்று. 1950-இல் கார்ல் ஹெல்லர் முதலானோர், அணு குறைந்த ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டு, இருக்கிற உற்பத்தியையும் அடக்கி, பிறகு நிறுத்தினால் அது துள்ளி எழும் என்று ஒரு சிகிச்சையை முன்வைத்தார்கள். சிலருக்கு எழுந்தது, பலருக்கு எழவில்லை. நிலையான பலன் இல்லாததால் அது கைவிடப்பட்டது. அதே டெஸ்டோஸ்டிரோன் ஊசியை வாரம் 200 மில்லிகிராம் வீதம் ஆரோக்கியமான 271 ஆண்களுக்கு உலக சுகாதார நிறுவனம் ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்தது. ஆறு மாதத்தில் அவர்களில் 157 பேருக்கு விந்தணு அடியோடு இல்லாமல் போனது. 1990-இல் அந்த முடிவு வெளியானது. குழந்தை வேண்டும் என்று கொடுத்த மருந்து, குழந்தை வேண்டாம் என்பவர்களுக்கான மருந்தாக இருந்தது.

பிராங்க்ஸில் ஒரு சிறிய அறை

எலியிடமிருந்து ஆய்வுக்கூடத்தை விடுவித்தவர்கள் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் வேலை செய்த இருவர். ரோசலின் யாலோ இயற்பியல் படித்தவர், சாலமன் பெர்சன் மருத்துவர். துப்புரவுப் பொருள்கள் வைக்கும் அறையைத்தான் யாலோ தன் ஆய்வுக்கூடமாக மாற்றியிருந்தார். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர்களின் உடம்பில் அந்த இன்சுலினுக்கு எதிராக எதிரணுக்கள் உருவாகின்றன என்று அவர்கள் எழுதியதை முதலில் பத்திரிகைகள் ஏற்க மறுத்தன. அந்த மறுப்புக் கடிதத்தை யாலோ பத்திரமாக வைத்திருந்து, பிற்காலத்தில் தம் நோபல் உரையில் எடுத்துக் காட்டினார்.

அந்த எதிரணுவையே அவர்கள் அளவுகோலாக்கினார்கள். கதிரியக்க அயோடின் ஒட்டிய ஹார்மோனைக் குறிப்பிட்ட அளவு எடுத்து, அதற்கான எதிரணுவோடு சேர்க்கிறார்கள். பிறகு நோயாளியின் ரத்தத்தை ஊற்றுகிறார்கள். ரத்தத்தில் உள்ள ஹார்மோனும் அதே எதிரணுவுக்குப் போட்டி போடுகிறது. ரத்தத்தில் ஹார்மோன் எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்குக் கதிரியக்க ஹார்மோன் எதிரணுவில் ஒட்ட இடமில்லாமல் நிற்கும். ஒட்டியது எவ்வளவு, ஒட்டாதது எவ்வளவு என்று கதிரியக்கத்தை எண்ணினால் அளவு வந்துவிடுகிறது. இதுவே ரேடியோ இம்யூனோ அஸே. 1960-இல் இன்சுலினுக்கு விரிவாக வெளியான இந்த முறையை இருவரும் காப்புரிமை எடுத்துப் பூட்டி வைக்கவில்லை. உலகம் முழுக்க யாரும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

1960களின் பிற்பகுதிக்குள் எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டையும் ரத்தத்திலேயே தனித்தனியாக அளக்க முடிந்தது. டெஸ்டோஸ்டிரோனும் புரோலாக்டினும் அடுத்த சில ஆண்டுகளில் சேர்ந்துகொண்டன. 1971-இல், பிட்யூட்டரிக்கே உத்தரவு தரும் ஜி.என்.ஆர்.எச். ஹார்மோனின் அமைப்பை ஆண்ட்ரூ ஷாலி, ரோஜர் கியமென் இருவரின் குழுக்களும் கண்டுபிடித்தன. 1977-இல் மருத்துவ நோபல் பரிசில் பாதி யாலோவுக்கு, மீதி ஷாலிக்கும் கியமெனுக்கும். பெர்சன் 1972-இலேயே இறந்துபோனார். பின்னர் கதிரியக்கமும் தேவையில்லாமல் போயிற்று. இன்றைய தானியங்கி இயந்திரங்கள் எதிரணுவோடு ஒளி உமிழும் ரசாயனத்தைச் சேர்த்து, அரை மணி நேரத்துக்குள்ளேயே எண்ணைத் தந்துவிடுகின்றன.

எண்கள் எதைச் சொல்கின்றன?

மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் ஜி.என்.ஆர்.எச்.சை அனுப்பும். அதைக் கேட்டுப் பிட்யூட்டரி எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டையும் அனுப்பும். எல்.எச். விரையில் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கச் செய்யும். எஃப்.எஸ்.எச். விந்தணுவை வளர்க்கும் செல்களை உந்தும். விரையிலிருந்து டெஸ்டோஸ்டிரோனும் இன்ஹிபினும் திரும்பிப் போய்ப் பிட்யூட்டரியைக் கட்டுக்குள் வைக்கும். வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று சேதி போனால், மேலே கண்மாயில் மடை திறப்பவர் இன்னும் அகலமாகத் திறந்துவிடுவார் அல்லவா? விரை வேலை செய்யாதபோது எஃப்.எஸ்.எச். ஏறுவது அப்படித்தான். எஃப்.எஸ்.எச். அதிகம் என்றால் வீரியம் அதிகம் என்று சிலர் ரிப்போர்ட்டைப் பார்த்து மகிழ்கிறார்கள். மேலே மடை அகலத் திறந்தும் கீழே வயல் காய்கிறது என்பதே அதன் அர்த்தம்.

அணு இல்லை என்று வந்த ஓர் ஆணின் ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். எஃப்.எஸ்.எச். 26, எல்.எச். 14, டெஸ்டோஸ்டிரோன் 240. முதல் இரண்டும் ஏறி, மூன்றாவது இறங்கியிருக்கிறது. கோளாறு விரையில். கிளைன்ஃபெல்டரா என்று குரோமோசோம் பார்க்க வேண்டும். சிறுவயதில் விரை இறங்காமல் இருந்ததா, வயது வந்த பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து விரையும் வீங்கியதா, புற்றுநோய்க்கு மருந்து எடுத்தாரா என்று கேட்க வேண்டும்.

அடுத்தவர்: எஃப்.எஸ்.எச். 0.4, எல்.எச். 0.2, டெஸ்டோஸ்டிரோன் 60. மூன்றும் தரைமட்டம். கோளாறு மேலே, மூளையில். இங்கே மருத்துவர் ஒரு விநோதமான கேள்வி கேட்பார்: “தம்பி, மல்லிகைப்பூ வாசனை தெரியுமா? அம்மா சாம்பார் தாளிச்சா அடுத்த ரூம்ல இருந்து தெரியுமா?” பிறவியிலேயே மோப்ப உணர்வு இல்லை என்றால் அது 1944-இல் ஃபிரான்ஸ் கால்மன் விவரித்த கால்மன் நிலையாக இருக்கலாம். கருவில் மோப்ப நரம்புகளோடு சேர்ந்து மூளைக்குள் போக வேண்டிய ஜி.என்.ஆர்.எச். செல்கள் வழியிலேயே நின்றுவிட்டன. தாடி சரியாக முளைக்காமல், குரல் உடையாமல் இருந்ததை வீட்டில் ‘பையன் சின்னப் பிள்ளை மாதிரி’ என்று விட்டிருப்பார்கள்.

மூன்றாமவருக்கு எல்லாமே நார்மல், விரையும் நல்ல அளவு, ஆனாலும் அணு இல்லை. உற்பத்தி நடக்கிறது, வழியில் அடைப்பு இருக்கலாம். 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை எண்ணால் காட்டியது. அணுவே இல்லாத ஆண்களில், எஃப்.எஸ்.எச். 7.6-க்கு மேல், விரையின் நீளம் 4.6 சென்டிமீட்டர் அல்லது அதற்குக் கீழ் என்றால் நூற்றுக்கு 89 பேருக்குக் கோளாறு உற்பத்தியில். எஃப்.எஸ்.எச். அதற்குக் கீழ், விரை அதைவிடப் பெரிது என்றால் நூற்றுக்கு 96 பேருக்கு அடைப்பு. பயாப்சிக் கத்தி இல்லாமலே பெரும்பாலோருக்கு விடை கிடைத்துவிடுகிறது.

விரையின் அளவைப் பார்ப்பதற்கு இன்றும் சில மருத்துவர்களின் மேசை இழுப்பறையில் ஒரு மணிக்கோவை உண்டு. சூரிச்சின் ஆண்ட்ரியா பிராடர் 1966-இல் உருவாக்கியது. முட்டை வடிவில் 12 மணிகள், 1 மில்லி லிட்டரில் தொடங்கி 25 வரை. ஒரு கையில் மணியை வைத்துக்கொண்டு, மறு கையால் விரையைத் தொட்டு ஒப்பிடுவார்கள். வளர்ந்த ஆணுக்கு 15-க்கு மேல் இருக்க வேண்டும். கிளைன்ஃபெல்டர் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் 5-க்குக் கீழ்தான். இயந்திரம் எவ்வளவு வந்தாலும் ஹார்மோன் எண்ணுக்கு உயிர் வருவது இப்படித் தொட்டுப் பார்ப்பதோடு சேரும்போதுதான். வேட்டியை அவிழ்க்கச் சொல்லாமல், ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து மருந்து எழுதினால் அந்த வேலை பாதியில் நிற்கிறது.

எண்ணுக்குப் பின்னால் வந்த மருத்துவம்

1980களில் எஃப்.எஸ்.எச். மிக அதிகம் என்று தெரிந்தால் மருத்துவரும் கையை விரித்துவிடுவார். தத்து எடுங்கள், அல்லது வேறொருவரின் விந்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதோடு அந்தச் சந்திப்பு முடிந்துவிடும். 1992-இல் பிரஸ்ஸல்ஸில் ஒரே ஒரு விந்தணுவைக் கருமுட்டைக்குள் ஊசியால் செலுத்தும் இக்ஸி முறையில் முதல் குழந்தைகள் பிறந்தன. 1999-இல் நியூயார்க்கின் பீட்டர் ஷ்லெகல், அறுவை நுண்ணோக்கியின் கீழ் விரையைத் திறந்து, பருத்திருக்கும் குழல்களை மட்டும் தேடி எடுக்கும் மைக்ரோ டீஸ் முறையை வெளியிட்டார். கிளைன்ஃபெல்டர் உள்ளவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் இந்த முறைகளில் அணு கிடைக்கிறது. எஃப்.எஸ்.எச். எவ்வளவு ஏறியிருந்தாலும் அந்த ஒரு காரணத்தால் மட்டும் ‘கிடைக்காது’ என்று இன்று சொல்வதில்லை. எண் தெளிவாக அதிகமாக இருந்தும் விரையில் எங்கோ ஒரு மூலையில் உற்பத்தி நடந்துகொண்டிருக்கலாம். ஒய் குரோமோசோமில் சில குறிப்பிட்ட பகுதிகள் விடுபட்டிருந்தால்தான் தேடிப் பயனில்லை என்று முன்கூட்டியே தெரியும்.

மூன்றும் தரைமட்டமாக இருந்த இளைஞருக்குச் செய்தி இன்னும் நல்லது. எல்.எச். போலவே வேலை செய்யும் எச்.சி.ஜி. ஊசி வாரம் இரண்டு மூன்று முறை, சில மாதம் கழித்து எஃப்.எஸ்.எச். ஊசியும் சேர்த்து. ஒரு விந்தணு உருவாகவே இரண்டரை மாதத்துக்குக் குறையாமல் ஆகும் என்பதால் பொறுமை வேண்டும். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம்வரை ஆகலாம். பெரும்பாலோருக்கு அணு வருகிறது. எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் பலருக்கு இயற்கையாகவே கரு தங்குகிறது. பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான புரோலாக்டின் ஏறியிருந்தால், அங்கே சிறு கட்டி இருக்கலாம். பெரும்பாலும் அதற்கு மாத்திரையே போதும். ஆண் மலட்டுத் தன்மையில் மருந்தாலேயே பெரும்பாலும் திருத்தக்கூடியவை இவை. எண்ணிக்கையில் சிறுபான்மைதான், ஆனால் அந்தச் சிறுபான்மையைத் தவறவிட்டால் ஒரு வாழ்க்கை தவறிப்போகிறது. தலைவலி, பார்வை மங்கல் தரக்கூடிய பிட்யூட்டரிக் கட்டியும் இந்தப் பரிசோதனையில்தான் சில நேரம் பிடிபடுகிறது.

இன்றைய தவறுகள்

பரிசோதனை எளிதாகிவிட்டதால் புதுத் தவறுகளும் வந்துவிட்டன. விந்துப் பரிசோதனை நார்மல், தாம்பத்தியத்திலும் குறை இல்லை என்றவர்களுக்கும் பத்து ஹார்மோன் அடங்கிய ‘பேக்கேஜ்’ எழுதிக்கொடுப்பது ஒன்று. அமெரிக்காவின் சிறுநீரியல் மருத்துவச் சங்கமும் இனப்பெருக்க மருத்துவச் சங்கமும் 2020-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. அணு குறைவாக இருந்தால், அல்லது இல்லவே இல்லை என்றால், நாட்டமோ விறைப்போ குறைந்தால், விரை சிறுத்திருந்தால், ஹார்மோன் கோளாறின் அடையாளம் உடம்பில் தெரிந்தால் எஃப்.எஸ்.எச்.சும் டெஸ்டோஸ்டிரோனும் பார்க்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் எல்.எச்., புரோலாக்டின் என்று அடுத்த படிக்குப் போக வேண்டும். எல்லாருக்கும் எல்லாமும் தேவையில்லை.

ரத்தம் எடுக்கும் நேரமும் முக்கியம். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து பிறகு இறங்கும். காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில் கொடுப்பது நல்லது. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து கொடுத்த ரத்தத்தில் குறைவாக வந்தால் அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது, இன்னொரு நாள் காலையில் மறுபடி பார்க்க வேண்டும். காய்ச்சலில் கிடந்த வாரத்திலும் எடுக்க வேண்டாம். முடி வளர என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சில இயந்திரங்களில் அது டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டியும் எஃப்.எஸ்.எச்.சைக் குறைத்தும் காட்டும்.

மிகப் பெரிய தவறு, 1950-இல் தெரியாமல் செய்ததை இன்று தெரிந்தும் செய்வது. டெஸ்டோஸ்டிரோன் கொஞ்சம் குறைவு என்று ரிப்போர்ட் வந்தால், “இந்த ஜெல்லைத் தடவுங்க, தெம்பு வரும்” என்று பிள்ளை வேண்டிக் காத்திருக்கும் ஆணுக்கே எழுதிக் கொடுக்கிறார்கள். ஜிம்மில் உடம்பை ஏற்ற ‘சைக்கிள்’ போடும் பையன்கள் யாரிடமும் சொல்லாமல் அதே டெஸ்டோஸ்டிரோனை ஊசியாகப் போட்டுக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் பிட்யூட்டரி தன் வேலையை நிறுத்திவிடும். எஃப்.எஸ்.எச்.சும் எல்.எச்.சும் சுழியத்துக்கு இறங்கும், விரைக்குள் டெஸ்டோஸ்டிரோன் வற்றும், அணு உற்பத்தி நிற்கும். புஜம் பெருத்து, கல்யாணமாகி ஒரு வருடம் கழித்து ‘அணு இல்லை’ என்ற ரிப்போர்ட்டோடு வரும் இளைஞனிடம் இதைக் கேட்காமல் விட்டால் காரணமே புரியாது. இப்படிப்பட்ட கருத்தடை ஆய்வுகளில் பங்கேற்ற ஆண்களில் நூற்றுக்கு 67 பேருக்கு ஊசியை நிறுத்திய ஆறு மாதத்திலும், 90 பேருக்கு ஒரு வருடத்திலும் அணு மீண்டு வந்தது, கடைசி ஆள்வரை மீள இரண்டு வருடம் ஆயிற்று. ஜிம்மில் கணக்கில்லாமல் பல வருடம் போட்டவர்களுக்கு இன்னும் கூடுதல் காலம் ஆகலாம்.

இனி

இந்தப் பரிசோதனைகளைக் கண்டுபிடித்தவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது வரிசையைச் சரியாக வைப்பது, அது நம் கையில். ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால், மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் ஒரே நாளில் மருத்துவரைப் பார்க்கலாம். கணவனுக்கு முதலில் விந்துப் பரிசோதனை. அதில் குறை தெரிந்தால் சில வாரம் கழித்து மறுபடி ஒன்று. பிறகும் குறைந்தால், அதற்குரிய ஹார்மோன் பரிசோதனை, கூடவே மருத்துவர் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை. இதில் வலி என்று சொல்ல ஓர் ஊசிக் குத்துதான் உண்டு.

அந்த ஊசிக் குத்துக்குத் தயங்கி எத்தனை வீடுகளில் மனைவி மயக்க மருந்து வாங்கிக்கொண்டு அறுவை அறைக்குள் போகிறாள் என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை. மாமியார்களும் மருத்துவர்களும் கணவன்மார்களும் சேர்ந்து ஒரு விதியை ஏற்றுக்கொண்டால் போதும். கணவனின் பரிசோதனை முடிந்து, அதன் ரிப்போர்ட் மேசைக்கு வரும்வரை மனைவியின் வயிற்றுக்குள் எந்தக் கருவியும் போகக் கூடாது.